ஜாக்கி வைத்த இடம்

நீங்கள் கொடுத்த இந்த மேஜைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. எழுதினால் ஆடுகிறது. உங்கள் பழைய ஃபைல் அட்டை ஒன்றை நாலாக மடித்து அடியில் செருகிவிட்டேன், இப்போது சரியாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆடுகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. முப்பத்தோரு வருஷமாக அதுதான் பிழைப்பு.

வாயால் சொன்னால் போதும், எழுத்தர் எழுதிக்கொள்வார் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வேண்டாம், நானே எழுதுகிறேன். நான் வாயால் சொன்னதை யாரும் ஒழுங்காகக் காதில் வாங்கியதில்லை. எழுத்தென்றால் நிற்கும். படிப்பு பத்தாம் வகுப்பு, அதிலும் கரையேறவில்லை. ஆனால் கையெழுத்து தெளிவாக இருக்கும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

நான் கார்களின் முன்பக்கம் மட்டும் பார்க்கிற மெக்கானிக். சக்கரம், அதைத் தாங்குகிற கைகள், ஸ்பிரிங், ஸ்டியரிங். இன்ஜின் பார்க்கிறவர்களுக்கு எங்களைக் கண்டால் இளக்காரம். நான் அவர்களிடம் சொல்வேன்: இன்ஜின் கெட்டால் வண்டி ஓடாது, முன்பக்கம் கெட்டாலும் ஓடும், எங்கே ஓடும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். என் ஷெட்டில் பாதி எனக்கு, பாதி ஒரு வெல்டருக்கு. வேலை இல்லாதபோதும் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டே திரிவதால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர் ஆகிவிட்டது. வாய் ஓயாத ஆள், ஆனால் நல்லவன். இதில் அவனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, அவனைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது மூத்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். அப்பா போன பிறகு என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் அவர்தான். ஒரு தடவை லாரியின் பிரேக் டிரம் விழுந்து என் கை நசுங்கியது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மத்தியானச் சாப்பாடு இருபத்தைந்து வருஷமாக அண்ணி கையால்தான். ஒரு நாள் போகத் தாமதமானால் அண்ணி ஷெட்டுக்குப் போன் போடுவார். இதையெல்லாம் நானாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் ஒருவர் முன்விரோதம் உண்டா என்று கேட்டார். விரோதம் கிடையாது. எனக்கு அண்ணன்மேல் உயிர்.

அவரிடம் ஒரே ஒரு குறை. நான் சொல்வதை நம்ப மாட்டார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கண்டுபிடித்தேன். ரயிலைப் பிடிக்கக் குடும்பத்தோடு கிளம்பவேண்டிய நாள் அது. சொன்னேன். "மணி பாக்கவே நேத்துதான் கத்துக்கிட்ட, அதுக்குள்ள கடிகாரத்துக்கே பாடம் எடுக்கிறியா" என்று அண்ணன் தலையில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் போய்விட்டிருந்தது. அன்றைக்கு வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா, ஐயா? ரயில் இன்றைக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டதாம். என் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள், வீட்டுக் கடைக்குட்டி சொல்லும் அப்படித்தான். சின்ன விஷயம், எப்போதோ மறந்துவிட்டேன். நீங்கள் கேட்டதால் ஞாபகம் வந்தது.

அண்ணனின் கார் இருபத்தாறு வருஷப் பழசு. பிள்ளை மாதிரி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே கழுவித் துடைப்பார், வேறு யாரையும் தொடவிட மாட்டார். முன்பக்க வேலை மட்டும் எனக்கு. அதுவும் வேறு வழியில்லாமல் என்றுதான் நினைக்கிறேன்.

பால் ஜாயின்ட் என்றால் என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். சொல்கிறேன். நம் தோளில் எலும்பு ஒரு குழிக்குள் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது அல்லவா, அதே மாதிரி ஒரு இரும்புப் பந்து, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கிண்ணம். சக்கரம் திரும்புவதும் மேலும் கீழும் போய்வருவதும் அந்தப் பந்தின்மேல்தான். பழைய வண்டிகளில் கீழ்ப்பக்கம் இருக்கிற பந்துதான் முழுப் பாரத்தையும் தாங்கும். மேலே ஒரு ரப்பர் உறை உண்டு. அது கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், கிரீஸ் காயும், பந்து தேயும், கிண்ணம் அகலும். ஒரு நாள் பந்து கிண்ணத்தைவிட்டு வெளியே வரும். அந்த நிமிஷம் சக்கரம் உங்களுடையது இல்லை. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது கேட்காது.

அது எந்த நாள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வரப்போகிறது என்பதைச் சொல்ல முடியும். அதைச் சொல்வதற்குத்தான் நான் இருக்கிறேன்.

இரண்டு வருஷம் இரண்டு மாதத்துக்கு முன்னால், இடது பக்கக் கீழ் ஜாயின்டில் ஆட்டம் இருப்பதை முதலில் பார்த்தேன். முறை இதுதான்: லோயர் ஆர்ம் என்கிற கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கியை வைத்து, டயர் தரையைவிட்டு இரண்டு விரல்கடை எழும்புகிற அளவுக்குத் தூக்கவேண்டும். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பவேண்டும். பந்து நன்றாக இருந்தால் அசையாது. அன்றைக்கு நகத்தின் கனம் அசைந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"உனக்கு எல்லாத்துலயும் ஆட்டம்தான் தெரியும். போடா" என்றார்.

புது ஜாயின்ட் ஒன்றை வாங்கி ஷெல்ஃபில் வைத்தேன். அவர் என்றைக்குச் சரி என்கிறாரோ அன்றைக்கு மாட்டிவிடலாம், இரண்டு மணி நேர வேலை. ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தேன். ஆட்டம் கூடியிருந்தது, ரப்பர் உறையில் கீறல். சொன்னேன். "ஓடுற வண்டிய நோண்டாத" என்றார். போன வருஷம் மூன்றாம் தடவை. உறை முழுக்கக் கிழிந்து துருத்தண்ணி வழிந்த கறை இருந்தது. இந்தத் தடவை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்துச் சொன்னேன், அண்ணியும் இருந்தார். அண்ணன் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தார். "உன் கொழுந்தன் இருக்கானே, உக்காந்திருக்கிற நாற்காலியக் கூட ஆட்டிப் பாத்துட்டுத்தான் உக்காருவான்." அண்ணி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செவிடன் காதில் எத்தனை நாள் சங்கு ஊதுவது? மூன்று தடவை எச்சரித்தேன் என்பது மட்டும் பதிவாகட்டும். மூன்று தடவை.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலை பதினொரு மணி இருக்கும். அண்ணன் காரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். முகத்தில் ஒரு பரபரப்பு. அவர் மகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் இருக்கிறாள், தலைப்பிரசவம். டாக்டர் அடுத்த வாரம் என்று தேதி கொடுத்திருந்தார். அண்ணனும் அண்ணியும் வியாழக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. மலைப்பாதைக்காக முன் டயர் இரண்டும் புதிதாகப் போட்டு, டவுனில் ஏதோ ஒரு கடையில் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்திருந்தார்.

"டேய் சின்னவனே, இடது பக்கம் பால் ஜாயின்ட் போயிருக்காம்டா. உடனே மாத்தச் சொல்றான் அந்த அலைன்மெண்ட் கடைக்காரன்."

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல விவரமான ஆளுடா. ஒரு கம்பிய வெச்சு நெம்பினான், ஒரே நிமிஷம், கண்டுபிடிச்சிட்டான். இந்த வண்டியோட மலை ஏறாதீங்க சார்னு கையப் பிடிச்சுச் சொன்னான். உன்கிட்ட இருக்கா அந்தச் சாமான்? மாத்திடு."

ஐயா, அந்த இடத்தில் எனக்கு வலித்தது. மூன்று தடவை நான் சொன்னதை அவர் மறந்துபோயிருந்தால்கூடப் பரவாயில்லை. மறக்கவில்லை. நான் சொன்னதாகவே அவர் மனதில் பதியவில்லை. கூடப் பிறந்தவன் இரண்டு வருஷமாகச் சொன்னது பேச்சில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருவன் ஒரு நிமிஷம் சொன்னது வேதவாக்கு. புது ஜாயின்ட் எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில், அட்டைப்பெட்டியோடு தூசி படிந்து இருந்தது. திரும்பிக் கையை நீட்டினால் எடுத்துவிடலாம். சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்திருக்கும்.

நான் சொன்னேன்: "யாரோ ஒருத்தன் சொன்னான்னு மாத்திட முடியுமா அண்ணே? பாப்போம்."

இப்போது எழுதப்போவதை உங்களில் யாரும் கேட்கவில்லை. சம்பவ இடத்துக்கு வந்தவரும் கேட்கவில்லை, வண்டியைப் பரிசோதித்தவரும் கேட்கவில்லை. நான் ஜாக்கியை எங்கே வைத்தேன் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். லோயர் ஆர்முக்கு அடியில் வைக்கவில்லை. ஒரு முழம் தள்ளி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியில் வைத்தேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கே வைத்தாலும் சக்கரம் மேலே எழும்பும். ஆனால் சேஸிஸில் வைத்துத் தூக்கினால், வண்டியின் ஸ்பிரிங் கீழ்க்கையை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் தேய்ந்த பந்தும் கிண்ணத்தோடு இறுகி ஒட்டிக்கொண்டு நிற்கும், என்ன செய்தாலும் ஆடாது. கீழ்க்கைக்கு அடியில் வைத்தால்தான் ஸ்பிரிங்கின் பாரத்தை ஜாக்கி வாங்கிக்கொள்ளும், பந்து விடுபடும், உண்மை தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். நான் வேலைக்கு வந்த முதல் மாதத்தோடு அதை விட்டுவிட்டேன்.

"வாங்க அண்ணே, நீங்களே ஆட்டிப் பாருங்க" என்றேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குனிந்தார். அறுபத்தொரு வயது, முட்டி வலி உண்டு. ஒரு கையை டயருக்கு மேலும் ஒரு கையைக் கீழுமாக வைத்து ஆட்டினார். அசையவில்லை. கடப்பாரையையும் கையில் கொடுத்தேன். நெம்பினார். மூச்சு வாங்கியது. அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி டீ கிளாஸோடு எங்கள் பக்கம் வந்தான். வாத்தியாரிடம் இரண்டு வார்த்தை பேசாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. வந்தவன் குனிந்து பார்த்தான். அவன் பார்வை சக்கரத்திலிருந்து ஜாக்கிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினான்கு வருஷமாக என் பக்கத்தில் வேலை செய்கிறவன். நான் ஜாக்கி வைக்கும் இடம் அவனுக்குத் தெரியும். நெற்றியில் இருந்த கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினான்.

"என்னண்ணே, ஜாக்கிய அங்க போட்டிருக்கீங்க?"

அண்ணன் நிமிர்ந்தார்.

"கண்ணாடி, உன் பக்கம் கேஸ் வாடை வருது பாரு. சிலிண்டர மூடினியா?" என்றேன்.

டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். மூடித்தான் வைத்திருந்தான். திரும்பி வருவதற்குள் நான் வண்டியை இறக்கிவிட்டேன்.

"அலைன்மெண்ட் கடைக்காரன் ஒரு சாமான் விக்கணும்னு பாத்திருக்கான் அண்ணே. நீங்கதான் ஆட்டிப் பாத்தீங்களே" என்றேன். கவனியுங்கள், ஜாயின்ட் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அவராகத்தான் முடிவு செய்தார்.

அண்ணன் கையில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டார். பிறகு தோளில் கை வைத்தார். "நீ சொன்னா சரிதான்டா" என்றார்.

ஐம்பத்து மூன்று வயதில் அந்த வார்த்தையை முதல் தடவையாக அவர் வாயால் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. மத்தியானம் சாப்பிடப் போனபோது அண்ணியிடமும் சொன்னார்: "அவன்கிட்டக் கேக்காம எவன்கிட்டயோ போய்க் கேட்டேன் பாரு." அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது.

நடுவில் ஒரு முழுப் புதன்கிழமை இருந்தது. அதைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஷெல்ஃபில் இருந்து அட்டைப்பெட்டியை எடுத்தேன். தூசி தட்டினேன். அண்ணன் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம், கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் போதும். போய் என்ன சொல்வது? நேற்று நான் பார்த்தது தப்பு, அந்த ஆள் சொன்னதுதான் சரி என்று சொல்லவேண்டும். அண்ணன் மாற்றச் சொல்லியிருப்பார், திட்டியிருக்கக்கூட மாட்டார். சிரித்திருப்பார். அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்திருப்பார். பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வேறு ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் போகிற வழியில் ஷெட்டில் நிறுத்தினார்கள். அண்ணி வீட்டுச் சாவியைக் கொடுத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பின் சீட் முழுக்க மூட்டை, பிறக்கப்போகிற குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து மடித்து ஒரு பை. அண்ணி முன்னால் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். சக்கரம் அவர் காலுக்கு ஒன்றரை அடி முன்னால்.

"மலை ரோடுன்னா எனக்கு வயித்தக் கலக்கும் தம்பி. இந்தத் தடவ பயமில்ல. நீங்க பாத்துட்டீங்கல்ல."

"பெல்ட்டப் போட்டுக்கோங்க அண்ணி" என்றேன்.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பெல்ட்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. அதைப் போடச் சொன்னது நான்.

பத்து இருபதுக்குப் போன் வந்தது. மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"டேய், திரும்பும்போது இடது பக்கம் டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுடா."

"எப்பலேர்ந்து?"

"அரை மணி நேரமா. உங்க அண்ணி திரும்பிடலாம்ங்கிறா." டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "ஏன்டா, அந்த அலைன்மெண்ட் ஆளு சொன்னது சரியா இருக்குமோ?"

ஐயா, நீங்கள் என்னை எப்படிப்பட்டவன் என்று நினைத்தாலும் சரி, இதை மட்டும் நம்புங்கள். அவர் அந்தக் கேள்வியை வேறு மாதிரிக் கேட்டிருந்தால் நான் வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லியிருப்பேன். நீ அன்னைக்கே சொன்னியேடா என்று ஒரு வார்த்தை. அந்த ஆட்டத்தைப் பத்தி நீ ஏதோ சொன்னியே என்றாலும் போதும். பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து நானே போயிருப்பேன், ரோட்டோரத்தில் படுத்து மாட்டியிருப்பேன். காத்திருந்தேன். நாலைந்து விநாடி பேசாமல் காத்திருந்தேன். அவர் "ஹலோ, ஹலோ" என்றார்.

"அது ஸ்டெபிலைசர் புஷ்ஷு அண்ணே. ரப்பர். சத்தம் மட்டும்தான் வரும், ஒண்ணும் ஆகாது. மெதுவா போங்க."

"அப்பச் சரி. நீ சொன்னா சரிதான்." அண்ணியிடம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

மெதுவாகப் போகச் சொன்னேன் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வண்டியின் ஷாக் அப்சார்பரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு போல்ட் இறுகிப்போய் வரவே இல்லை. மலை ஏற முக்கால் மணி நேரம் ஆகும். ஏறும்போது ஒன்றும் ஆகாது, பாரம் பின்னால் இருக்கும். இறங்கும்போது பிரேக் போட்டால் பாரம் முழுக்க முன்னால் வரும், வலது பக்கம் திரும்பும் வளைவுகளில் இடது சக்கரத்துக்கு வரும். பதினொன்றேகால் ஆனது. கண்ணாடி ரேடியோவில் பாட்டு வைத்திருந்தான், கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். பதினொன்றரை. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன், பிறகு நிமிர்த்தி வைத்தேன். அண்ணனின் எண் என் விரலுக்கு அடியிலேயே இருந்தது. மலையில் சிக்னல் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் கிடைக்கும், பிறகு வண்டியைப் பார்த்த ஒரு லாரிக்காரர் அங்கிருந்து கூப்பிட்டபோது தெளிவாகக் கேட்டது. பதினொன்று நாற்பத்தெட்டுக்குக் கூப்பிட்டார். அண்ணன் போனில் கடைசியாகப் பேசிய எண் என்னுடையது.

இறக்கத்தில் மூன்றாவது வளைவு. சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்துபோய், வண்டி தடுப்புக் கல்லை உடைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. அண்ணன் அங்கேயே முடிந்துபோனார். அண்ணிக்கு இடுப்பும் இடது காலும் உடைந்தது. மகளுக்கு மறுநாளே வலி எடுத்தது, பெண் குழந்தை. அப்பா ஏன் வரவில்லை என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

அண்ணனுக்குக் கொள்ளி வைத்தது நான்தான். அழுதேன். நடிப்பில்லை.

பத்தாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணியின் காலைக் கட்டுப்போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டீங்களா தம்பி? இப்ப யாரு போடுறாங்க உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அழுதார். பிறகு, "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மனசப் போட்டு வருத்திக்காதீங்க. நீங்க நல்லாத்தான் பாத்துக் குடுத்தீங்க. ரோட்டுல குழி இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார்.

குழி என்ற வார்த்தையை அங்கேதான் முதலில் கேட்டேன்.

பிறகு எல்லோர் வாயிலும் அதுதான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் குழி என்றார்கள். டீக்கடையில் குழி என்றார்கள். உங்கள் அறிக்கையின் நகலை இன்ஷூரன்ஸ்காரர் காட்டினார். அதிலும், சாலையில் இருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியதால் அதிர்ச்சியில் பால் ஜாயின்ட் உடைந்தது, ஓட்டுநர்மீதோ வாகனத்தின்மீதோ குறையில்லை என்று எழுதி முத்திரை குத்தியிருந்தீர்கள். அதற்கடுத்த சில நாளில் ஆட்கள் வந்து குழியையும் மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முன்னால் நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டேன். விரலைவிட்டு அளந்தேன், இரண்டு விரல்கடை ஆழம், தட்டு அகலம். நல்ல நிலையில் இருக்கிற ஜாயின்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கண்ணாடி மட்டும் ஒரு நாள் என் எதிரே வந்து நின்றான். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "அன்னைக்கு அந்த ஜாக்கி..." என்று ஆரம்பித்தான். "சொல்லு" என்றேன். நிஜமாகவே அவன் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு அவன் பக்கம் போய்விட்டான். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

பத்தொன்பது நாளாக எனக்குத் தூக்கம் இல்லை, ஐயா. கண்ணை மூடினால் அந்தக் குழிதான் வருகிறது. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே இன்றைக்குக் காலையில் வந்து உங்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். உங்கள் ஆள் என்னைத் திரும்பிப் போகச் சொன்னார். கேஸ் முடிந்துவிட்டது, துக்கத்தில் ஏதேதோ பேசுகிறீர்கள் என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் நீங்கள் பேப்பர் கொடுத்தீர்கள்.

ஆகவே எழுதித் தருகிறேன். என் அண்ணனின் காரில் இடது கீழ் பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். அதைக் காட்டாமல் மறைக்க ஜாக்கியை வேண்டுமென்றே தப்பான இடத்தில் வைத்தேன். வழியில் அவர் கேட்டபோது வேண்டுமென்றே பொய் சொன்னேன். அது எங்கே உடையும் என்று தெரிந்தே இருவரையும் மலைக்கு அனுப்பினேன். என் அண்ணனைக் கொன்றது நான். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன். தண்டனை எதுவானாலும் சரி, வக்கீல் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டி உங்கள் காம்பவுண்டில் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது. இடது கிண்ணத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். உள்விளிம்பு கண்ணாடி மாதிரி தேய்ந்து வழவழப்பாக இருக்கும். அது ஒரு நாளில், ஒரு குழியில் வருகிற தேய்மானம் இல்லை, இரண்டு வருஷத் தேய்மானம். அறிக்கையில் பள்ளம் என்று இருக்கிற வரியை அடித்துவிட்டு, ஜாயின்ட் ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்றும், இரண்டு வருஷம் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே தம்பி அதைக் கண்டுபிடித்து மூன்று தடவை சொல்லியிருந்தார் என்றும் எழுதுங்கள். முத்திரை புதிதாகக் குத்துங்கள். அண்ணிக்கு ஒரு நகல், அலைன்மெண்ட் கடைக்காரருக்கு ஒரு நகல்.

அண்ணன் மட்டும் இப்போது இருந்திருந்தால், இதைப் படித்துவிட்டு ஒத்துக்கொண்டிருப்பார்.